குட்டி யானையா, ஈகோவா: ஒரு சமையல்காரன் வண்டி வாங்கிய கதை

குட்டி யானை மாதிரி லோடு வண்டியோ, மாருதி ஈகோ மாதிரி வேனோ ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை கிலோ ஏத்தலாம்?" நானும் ஆறு மாதம் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஷோரூமில் கேட்டேன், லோடு ஸ்டாண்டில் கேட்டேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிற மச்சானிடம் கேட்டேன். எல்லோரும் சரியான பதிலைத்தான் சொன்னார்கள். கேள்விதான் தப்பு என்று புரிய எனக்கு நாளாயிற்று.

திண்டுக்கல்லில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வீட்டு விசேஷம், கோயில் அன்னதானம் எல்லாம் உண்டு. பெரிய வேலை என்றால் எட்டுப் பேர் போவோம்: நான், மாஸ்டர், இனிப்பு போடுகிறவர், கைவேலைக்கு இரண்டு பையன்கள், காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் மூன்று அக்காமார். டவுனில் மண்டபத்தில் வேலை என்றால் பாத்திரம் அங்கேயே இருக்கும், கரண்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனால் போதும். கிராமத்தில் பந்தல் போட்டுச் செய்கிற கல்யாணம் அப்படியில்லை. அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், அடுப்பு, கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர் டிரம் என்று எல்லாமே நம்மோடு வர வேண்டும். இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியிருந்தால் அரிசி, காய், மளிகை, எண்ணெய் டின், இலைக்கட்டு வரை நம் பொறுப்பு. ஐந்நூறு இலைக்குப் பாத்திரமும் பொருளும் சேர்ந்து முக்கால் டன்னுக்குக் குறையாது. கூட்டு, பொரியல், இனிப்பு என்று ஐட்டம் கூடக்கூட ஒரு டன்னை நெருங்கும்.

முதலில் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்று வந்து 2019 வரை ஓடிய வண்டி. 796 சிசி என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், சித்திரை வெயிலில் ஓட்டினால் சீட்டே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனாலும் அந்த வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். என் தொழிலின் முதல் பத்து வருஷம் அதற்குள்தான் ஓடியது. பக்கவாட்டுக் கதவை இழுத்துத் தள்ளிவிட்டால் சந்துக்குள்கூடச் சாமான் இறக்கலாம். தரை தாழ்வு, அதனால் நிறைந்த தேக்சாவை இடுப்புக்கு மேல் தூக்கவே தேவையில்லை. சமையல் வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சூடான சாம்பாரோடு ஒரு பாத்திரத்தைத் தூக்கி வண்டியில் வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஆம்னிதான் எனக்கு முதல் பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. பின்சீட்டை மடக்கிப்போட்டு, கூரை முட்டப் பாத்திரம் அடுக்கி, வத்தலக்குண்டு ரோட்டில் விடிகாலையில் போய்க்கொண்டிருந்தேன். நாய் ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் படுக்கவைத்திருந்த தோசைக்கல் சறுக்கிக்கொண்டு வந்து என் சீட்டின் முதுகில் மோதியது. அது முப்பது கிலோ இரும்பு. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் பக்கத்துச் சீட்டில் இருந்த பையனின் முழங்கைக்கு வந்திருக்கும். வேன் என்பது ஒரே கூடு, ஆளும் சாமானும் ஒரே காற்றைச் சுவாசிக்கும், நடுவில் சுவர் கிடையாது. லோடு வண்டியில் டிரைவருக்குப் பின்னால் கேபினின் தகடு இருக்கிறது, அதற்குப் பின்னால் கம்பித் தடுப்பு இருக்கிறது. வேனில் நாமாகத் தடுப்பு வைத்தால்தான் உண்டு. கூரை வரை அடுக்கினால் நடுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது என்பது வேறு.

வேலை பெருகியதும் ஆம்னி போதவில்லை. லோடு ஸ்டாண்டில் குட்டி யானையை வாடகைக்குப் பிடிக்க ஆரம்பித்தேன். டாடா ஏஸைத்தான் எங்கள் பக்கம் குட்டி யானை என்கிறோம். 2005இல் அது வந்தபோது இரண்டே சிலிண்டர் டீசல் என்ஜின், பதினாறு குதிரைத்திறன். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் டாடா 407 லாரிக்கும் நடுவில் கட்டுப்படியாகிற சின்ன வண்டி அரிதாக இருந்த காலம் அது. லோடு ஆட்டோ மேட்டில் திணறும், 407ஐக் கூப்பிட்டால் வாடகை கட்டாது. அந்த இடைவெளியில் வந்து நின்றதால்தான் ஒவ்வொரு ஊர் முக்கிலும் நான்கைந்து குட்டி யானைகள் நிற்கின்றன. ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், முக்கால் டன் பாரம். அப்புறம் 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அது ஒன்றேகால் டன் இழுக்கும், தொட்டியும் எட்டடி இருக்கும். பொலிரோ பிக்கப் அதற்கும் மேலே. என் சரக்குக்குத் தோஸ்த் கனகச்சிதம்.

திறந்த தொட்டியின் சுகம் தனிதான். அண்டாவை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, வாய் மேலே பார்க்க நிறுத்தி, கயிறு கட்டினால் முடிந்தது. உயரம் ஒரு தடையே இல்லை. மூன்று பக்க டோரையும் இறக்கிவிட்டால் எந்தப் பக்கமிருந்தும் இறக்கலாம். இறக்கிய பிறகு ஒரு குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டால் மீன் வாடைகூட நிற்காது. வேனுக்குள் ஒருமுறை புளித்த மாவு சிந்திவிட்டால் ஒரு மாதத்துக்கு அந்த வாசம் போகாது.

சிலிண்டருக்கும் திறந்த வண்டிதான் சரி, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கடைகளுக்குக் கொடுக்கிற 19 கிலோ சிலிண்டர், இரும்போடு சேர்த்து முப்பத்தைந்து கிலோ வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் கசிந்தால் அது உட்கார்ந்திருக்கிறவர்களின் காலடியில் தேங்கும். யாராவது சாவியைத் திருப்பினால் போதும். நிமிர்த்தி வைத்து, ஓரத்தில் சேர்த்துக் கட்டி, காற்றோடு போக வேண்டிய பொருள் அது. ஆம்னிக்குள் நானே ஏற்றிப் போயிருக்கிறேன், இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

திறந்த வண்டியின் கஷ்டங்களும் உண்டு. இலைக்கட்டைக் காற்றில் வைத்தால் ஓரமெல்லாம் கிழிந்து நார்நாராகிவிடும், ஈரச்சாக்கு போர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் போட்டாலும் ஓரத்தில் வழிந்து மளிகைச் சாக்கு நனையும். அப்புறம் அந்தப் பட்டை. பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக இருக்கிற ஸ்பிரிங் பட்டை ஒரு டன்னைச் சுமக்க அடித்தது, அதில் இருநூறு கிலோவை வைத்து ஓட்டினால் வண்டி குதிக்கும். லட்டு உடைந்து பூந்தியாகப் போய்ச் சேரும், தயிர் தளும்பி மூடியைத் தள்ளும். பாரமில்லாமல் மழையில் ஓட்டும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். நிறைந்திருக்கும்போது நல்ல வண்டி, காலியாக இருக்கும்போது கவனமாக ஓட்ட வேண்டிய வண்டி.

இதெல்லாம் சாமான் கணக்கு. இந்தக் கணக்கில் பிக்கப்தான் ஜெயிக்கும். நானும் தோஸ்துக்கு முன்பணம் கட்டுகிற வரை போய்விட்டேன்.

நடுவில் நடந்தது இது. நத்தம் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவி ஏற்றி, சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். வாடகைக் குட்டி யானை. கேபினில் டிரைவரும் மாஸ்டரும். நான் பைக்கில் பின்னால் வந்தேன். பையன்களும் அக்காமாரும் வழக்கம்போலப் பின்னால், பாத்திரங்களுக்கு மேலே. வழக்கம்போல என்று எழுதும்போதே கை கூசுகிறது. எத்தனை வருஷமாக அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து, டோரைத் தாண்டி ஏறுவார்கள். அந்தத் தொட்டியின் பக்கச்சுவர் ஓரடி உயரம்தான், கிட்டத்தட்ட முழங்காலுக்குக் கீழே. மேலே பாத்திரம் அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தால் சுவரே இல்லாத மாதிரிதான். வெள்ளை அடிக்காத ஒரு வேகத்தடை, டிரைவர் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப்போட்டது. அண்டா விளிம்பில் உட்கார்ந்திருந்த அக்கா ரோட்டில் விழுந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

காறை எலும்பு முறிந்தது. நல்லவேளை, தலையில் அடி இல்லை. வண்டியும் வேகமாகப் போகவில்லை. மூன்று மாதம் அவரால் அரிவாள்மனையில் உட்கார முடியவில்லை. வைத்தியச் செலவும், அந்த மூன்று மாதச் சம்பளமும் நான் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கொடுக்க வேண்டியது என்னுடைய கடமை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, "விடு தம்பி, நான்தான் சரியாப் பிடிச்சுக்கல" என்று அவர் சொன்னார். எங்கே பிடிப்பார்? பிடிக்க அங்கே என்ன இருக்கிறது?

இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்கப் போய்த்தான் சட்டத்தைத் தெரிந்துகொண்டேன். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ, அவர் அனுப்பிய ஆளோ போகலாம், அவருக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆவது பிரிவில் 1994இல் திருத்தம் வந்திருக்கிறது. அதற்கு வெளியே சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கோடு வருகிறவரும் ஆர்.சி.யில் போட்டிருக்கிற சீட் கணக்குப்படி கேபினில் உட்கார வேண்டும், சாக்குமூட்டை மேல் அல்ல. ஆக, பின்னால் உட்கார்ந்த ஐந்து பேருக்கும் அன்றைக்கு எந்தக் காகிதப் பாதுகாப்பும் இருந்திருக்கவில்லை. வயலுக்கு நடவுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எங்களைப் போலச் சமையலுக்குப் போகிறவர்கள் என்று தினமும் எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை கிலோ என்ற கேள்வியை விட்டுவிட்டேன். சாமானோடு யார் வருகிறார்கள், அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். உடனே கணக்கு தலைகீழானது.

மச்சானுக்குப் பிக்கப்தான் சரி, அதில் சந்தேகமில்லை. அவருக்குத் தக்காளியும் முருங்கையும்தான் பயணிகள். மார்க்கெட்டில் ஏற்ற ஆள் உண்டு, இறக்குகிற இடத்திலும் ஆள் உண்டு. தினமும் ஓட்டம். போகும்போது ஒரு லோடு, வரும்போது கிடைத்தால் இன்னொரு லோடு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சட்டம் சொல்வதால் அந்தத் தொல்லையும் இல்லை. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் இந்த அளவு வண்டியை ஓட்டலாம் என்று 2017இல் ஒரு தீர்ப்பு வந்தது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அப்புறம் வருஷாவருஷம். பாரத்தை மட்டும் மீறக்கூடாது. பிடித்தால் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பித்து, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறும். மச்சான் மீற மாட்டார்.

என் தொழில் தினசரி ஓட்டம் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியில் கையளவுதான். முகூர்த்தம் இருக்கிற மாதத்திலும் முக்கால் டன் சாமான் எடுத்துக்கொண்டு போகிற வேலை நான்கோ ஐந்தோ. அந்த ஐந்து நாளுக்காக ஒரு லோடு வண்டியை வாங்கி, மீதி நாளெல்லாம் வாசலில் நிறுத்தி, மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். "சும்மா நிக்கிற நாள்ல வாடகைக்கு விடுங்க மாமா" என்றார் மச்சானின் மகன். விடலாம்தான். அதற்கு ஒரு டிரைவர் வேண்டும், ஸ்டாண்டில் இடம் வேண்டும், ஏற்கெனவே அங்கே நிற்கிறவர்களோடு போட்டி போட வேண்டும். எனக்கு அது இன்னொரு தொழில்.

லோடு வண்டியை எந்த ராத்திரியிலும் ஒரு போனில் கூப்பிட்டுவிடலாம். ஆனால் மூன்று பெண்களையும் ஒரு வயதான மாஸ்டரையும் அந்த நேரத்தில் வீட்டு வாசலில் ஏற்றி, வேலை முடிந்ததும் வீட்டு வாசலிலேயே இறக்குகிற வண்டியை யாரிடம் கேட்பது? கிராமத்துக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அதனால் சொந்தமாக இருக்க வேண்டியது ஆள் போகிற வண்டி, வாடகைக்கு எடுக்க வேண்டியது சாமான் போகிற வண்டி என்று முடிவு செய்தேன். ஐந்து சீட் ஈகோ ஒன்று, ஒருவர் கை மாறியது, நல்ல நிலையில் கிடைத்தது. வாங்கிவிட்டேன்.

ஈகோவை ஆம்னியின் தம்பி என்று சொல்லலாம், 2010இல் வந்தது. என்ஜின் இதிலும் சீட்டுக்கு அடியில்தான், ஆனால் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர். பின்னால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் என்பதால் தயிர்ப் பானை தளும்பாமல் போய்ச் சேர்கிறது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவிலும் ஐந்து பேரோடு ஏறிவிட்டேன், இரண்டாம் கியரில் நிதானமாகப் போனால் தொந்தரவில்லை. சி.என்.ஜி. எடுத்தால் கிலோமீட்டருக்குச் செலவு குறையும், ஆனால் பின்னால் சாமான் வைக்கிற இடத்தை அந்த சிலிண்டர் தின்றுவிடும். அதனால் பெட்ரோல் வண்டியே எடுத்தேன்.

இதிலும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னைப் போல நிறையப் பேர் இதில்தான் தப்பு செய்கிறார்கள். ஈகோ தாங்கக்கூடிய பாரம் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஆளும் அதில் சேர்த்திதான். ஐந்து பேர் உட்கார்ந்தால் முந்நூற்றைம்பது கிலோ போய்விட்டது, மிச்சம் இருநூறு. சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறதே என்று கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் தள்ளினால் டயர்தான் பேசும். இன்னொன்று, சொந்தக் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவதும், சொந்தப் பெட்டி படுக்கை, மாதிரிப் பொருள் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் அதில் சேராது என்று போட்டிருக்கும். வெள்ளை போர்டு மாட்டிய சொந்த உபயோக வேனில் சீட்டைக் கழற்றிப்போட்டு மூட்டை அடிக்கிறவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஆம்னி ஓட்டிய பத்து வருஷத்தில் நான் ஒருநாளும் படிக்கவில்லை. வேனில்தான் சரக்கு அடிக்க வேண்டும் என்றால் ஈகோவிலேயே கார்கோ வண்டி தனியாக வருகிறது, முன்னால் இரண்டு சீட், பின்னால் முழுக்கக் கூடு. பேக்கரி, மருந்து, கூரியர் என்று நனையக்கூடாத, கனமில்லாத சரக்குக்கு அது அருமையான வண்டி. என் அண்டாவுக்கு அதன் கதவு போதாது.

இப்போது முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி இப்படிப் போகிறோம். வாடகைக்குத் தோஸ்த், குட்டி யானை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோஸ்தின் கேபினில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். பையன்கள் இருவரும் அதில் சாமானோடு வருகிறார்கள். ஈகோவில் நான் ஓட்டுகிறேன், மாஸ்டர் பக்கத்தில், அக்காமார் மூவரும் பின்சீட்டில். இனிப்பு போடுகிறவர் முந்தின நாள் பகலிலேயே பஸ்ஸில் போய்ப் பாகு வைக்க ஆரம்பித்துவிடுவார். ஈகோவுக்குப் பின்னால் கத்தி, கரண்டி, ஆட்களின் துணிப்பை, பலசரக்குப் பொட்டலம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். சிலிண்டர் கிடையாது. சீட்டுக்குப் பின்னால் பட்டறையில் சொல்லி ஒரு கம்பித் தடுப்பும் அடித்துவிட்டேன், தோசைக்கல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

செலவு கூடியிருக்கிறது. வேன் பெட்ரோல் தனி, தோஸ்த் வாடகை தனி. இலைக்கு ரேட் பேசும்போது போக்குவரத்து என்று தனியாகவே ஒரு வரி போட்டு எழுதித் தருகிறேன். "எதுக்குப்பா ரெண்டு வண்டி? ஆளுங்க அதுலயே ஏறி வரலாமே?" என்று கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். "ஐயா, அண்டா விழுந்தா ஒடுக்கெடுத்துக்கலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கணக்கில் அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அப்படி ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது, இரண்டிலும் குட்டி யானையில் ஆளைச் சேர்த்து ஏற்றி வருகிற வேறு குழுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

விழுந்த அக்கா தையில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் ராத்திரி வேனில் ஏறியதும், "இதுல சாஞ்சு தூங்கலாம் போலயே தம்பி" என்றார். சாணார்பட்டி தாண்டுவதற்குள் மூவரும் தூங்கிவிட்டார்கள். காலையில் காய் நறுக்கும் வேலை அரை மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிட்டது.